என் ஈரலைப் பற்றி எனக்குச் சொல்லாதவர்கள்

எனக்கு மூலம் என்றுதான் சொன்னார்கள். கொஞ்சம் பெரிய மூலம், கொழும்பில் வெட்டினால் சரி, ஈரலிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறதாம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று பெரியண்ணை சொன்னார். சொல்லும்போது அவருடைய முகம் லொறிக்காரனோடு பாரை மீனுக்கு விலை பேசுகிற முகமாக இருந்தது. கண்ணைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் நம்மிடம் தருவார்.

நான் தாழ்வுபாட்டில் ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவள். வீட்டின் முன்பக்கத்தைத் தகரத்தால் மறைத்து, ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு போட்டு, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸும் வாய்ப்பனும் அடுக்கி வைத்த கடை. எட்டாம் வகுப்போடு இடம்பெயர்வு வந்து என் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. மிச்சப் படிப்பை எனக்குத் தந்தவர்கள் இந்த வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆட்கள்தான். கடலால் வந்து நிற்கிறவனின் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் ஸ்டார்ட் வராத நாளில் ஒருவன், "இதைவிட என்ட மாமி கெதியா வெளிக்கிடுவா" என்பான். என்னைப் பார்த்து, "இவளுக்கு வாயை மூடினா மூச்சு நிண்டுபோகும்" என்பார்கள். நானும் விடமாட்டேன்.

அந்த ஆட்கள் திடீரென்று மரியாதைக்காரர் ஆனார்கள். பகிடி இல்லை, நக்கல் இல்லை. தேத்தண்ணியில் சீனி குறைந்தாலும் பேசாமல் குடித்தார்கள். மாமியைச் சொன்னவனே ஒருநாள் நல்ல கணவாய் கொண்டுவந்து மேசையில் வைத்து, "சாப்பிடுங்கோ அக்கா, உடம்பைப் பாருங்கோ" என்றான். மூலத்துக்கு ஊர் இவ்வளவு உருகுமா என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது.

மூலத்துக்கு நல்லதென்று பக்கத்து வீட்டுக்காரி துத்தி இலை பறித்துத் தந்தாள். அதை வதக்கி நாள்தோறும் சாப்பிட்டேன். செத்தல் மிளகாயை விட்டேன். கருவாட்டை விட்டேன். மன்னாரில் பிறந்தவள் கருவாட்டை விடுவதென்றால் என்னவென்று மன்னாரில் பிறந்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

சோதனைகளுக்கென்று சில தரம் கொழும்பு போய் வந்தாயிற்று, இனி வெட்டுவதற்குப் போக ரயிலுக்கு இடம் பிடித்தாயிற்று. அதற்கு முதல்நாள், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, என் மனுசன் மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தார். சிலுவையில் இயேசு தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தை எடுத்து வைத்து, மெழுகுதிரி கொளுத்தினார்.

"என்ன இது?" என்றேன்.

"ஃபாதர் வாறார். பயணத்துக்கு ஆசீர்வாதம் தர."

எங்கள் பங்குக்கு வந்த ஃபாதர் புது ஆள், வயதும் குறைவு. பெரியண்ணையோடு வந்தார். செபப் புத்தகத்தை விரித்தார், ஊதாப் பட்டியைக் கழுத்தில் போட்டார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்.

அந்தக் குப்பியை எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நோயாளிக்குப் பூசுகிற எண்ணெய். எந்தப் பெரிய வருத்தத்துக்கும் அதைப் பூசலாம், சுகப்படவும் அது உதவும் என்று ஃபாதர்மார் பிரசங்கத்தில் எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஒரு வீட்டுக்குள் அந்தக் குப்பி போனால், அடுத்ததாகச் சவப்பெட்டி எப்போது போகும் என்று படலையில் நின்று பார்க்கிற ஊர் இது.

"ஃபாதர்," என்றேன், "மூலத்துக்கும் இதைப் பூசுறவையோ?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். பிறகு பெரியண்ணையைப் பார்த்தார். பெரியண்ணை சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"இந்த அம்மாவுக்கு நீங்கள் சொல்லேல்லையோ?" என்று ஃபாதர் அவரைக் கேட்டார்.

"நீங்கள் செபத்தைச் சொல்லுங்கோ ஃபாதர்."

ஃபாதர் குப்பியை மூடினார். "என்ன வருத்தம் எண்டு தெரியாத ஆளுக்கு நான் பூசமாட்டன். முதல் சொல்லுங்கோ. நான் வெளியில நிக்கிறன்." போய்க் கடை வாங்கில் இருந்துகொண்டார்.

சொன்னது என் மனுசன்தான். சேலைத் தலைப்பு கிடைத்திருந்தால் அதற்குள் முகத்தை வைத்திருப்பார்; சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கான்சர். பெருங்குடலின்ர கடைசிப் பக்கத்தில. ஈரலுக்கும் போட்டுது."

"எப்ப தெரியும்?"

"குடலுக்குள்ள கமரா விட்டுப் பார்த்த அண்டைக்கே."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தடவிக்கொடுத்து அலுவலை முடித்திருப்பார்கள். எனக்கு முதலில் வந்தது அந்தத் துத்தி இலையின் நினைவு. கான்சருக்குத் துத்தி இலை! அடுப்படியில் நின்று நான் அதை வதக்கும்போது என் மனுசன் பக்கத்தில் நின்று, "நல்லா வதக்கு" என்று சொன்னவர்.

"கொழும்பில என்ன செய்யப் போகினம்? மூலத்தை வெட்டுறதெண்டு சொன்னியளே, எதை வெட்டப் போகினம்?"

பெரியண்ணை இப்போது வாய் திறந்தார். "டொக்டர் மூண்டு வழி சொன்னவர். குடலை முதல் வெட்டிப்போட்டு, அது ஆறினாப் பிறகு ஈரலில இருக்கிறதை வெட்டுறது. இல்லாட்டி ஈரல் முதல், குடல் பிறகு. இல்லாட்டி ரெண்டையும் ஒரே நாளில. நாங்கள் ஒரே நாளில எண்டு சொல்லிப்போட்டம்."

"ஏன் அது?"

"ஒருக்கா மயக்கினா ரெண்டு அலுவலும் முடியும். மூலம் வெட்டினது எண்டே நீ வீட்ட வந்திடலாம். ரெண்டாந்தரமும் போறதெண்டா உனக்கு என்னத்தைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போறது?"

இதை அவர் ஒரு கெட்டித்தனமாகச் சொன்னார். நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே அதைத் திருப்பித் திருப்பி நினைத்தேன். என் குடலுக்கு எது நல்லது, என் ஈரலுக்கு எது நல்லது என்று பார்த்து எடுத்த முடிவு இல்லை இது. ஒரு பொய்யை இரண்டு தரம் சொல்ல வேண்டி வந்துவிடும் என்று, என் வயிற்றை எப்படி வெட்டுவது என்பதை இவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

"அண்ணை, ஒரு எஞ்சினைக் கழட்டுறதெண்டாலும் வள்ளக்காரனைக் கேட்டுத்தானே கழட்டுவியள்? என்ட ஈரலைக் கழட்ட என்னைக் கேக்கேல்லையே?"

"பொம்பிளையள் தாங்கமாட்டினம் பிள்ளை."

"பிள்ளை பெத்தது ஆர், நீங்களோ? இடம்பெயர்ந்து போகேக்க வள்ளத்துக்குள்ள வந்த தண்ணியை வாளியால இறைச்சது ஆர்? நீங்கள் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தனீங்கள்!"

வெளியே வாங்கில் இருந்த ஃபாதருக்கு எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்போது பெரியண்ணையின் குரல் இறங்கிப்போனது. "எங்கட அம்மாவுக்கு அவவின்ர வருத்தத்தைச் சொன்னம். நினைவிருக்கோ? சொன்னதுதான் தாமதம், சோறு வேண்டாம் எண்டு சுவரைப் பார்த்துப் படுத்தவ. திரும்பவே இல்லை."

நினைவிருந்தது. அம்மாவின் முதுகுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்தது. அதைச் சொல்லும்போது அண்ணையின் முகம் மீன் விலை பேசுகிற முகமாக இல்லை. ஆனால் என் கோபம் இறங்கவில்லை. "நான் அம்மா இல்லை," என்றேன். "என்னைச் சுவரைப் பார்க்கவிடாமல் வைச்சிருக்கிறம் எண்டு சொல்லி, சுவருக்குள்ளயே வைச்சுக் கட்டிப்போட்டியள்."

ஃபாதரை உள்ளே கூப்பிட்டு, இன்றைக்கு வேண்டாம், வேண்டுமென்றால் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி, பால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ரயிலில் நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று சொல்லப்பட்ட வாய். பெரியண்ணை வடை வாங்கித் தந்தார், தொடவில்லை. தண்ணீர் தந்தார், ஜன்னலைப் பார்த்தேன். என் மனுசன் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் இருந்தார். மடு மாதா கோயிலுக்கு இறங்குகிற மடு ரோட் ஸ்டேசனைத் தாண்டும்போது வழக்கம்போலச் சிலுவை அடையாளம் போட்டேன். மாதாவோடும் அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான். அவவுக்கும் எல்லாம் தெரிந்துதானே இருந்திருக்கும்.

கிளினிக் வாசலில் நீளமான வாங்கு. என் பக்கத்தில், தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், என்னைவிட மூத்தவ.

"எந்த ஊர் புள்ள?"

"தாழ்வுபாடு."

"அட, நம்ம பக்கம்தான். நாங்க கொண்டச்சி." சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "குடலா, ஈரலா?"

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கா என்று கேட்பதுபோலக் கேட்டா. "ரெண்டும்," என்றேன். என் வருத்தத்தை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் ரெண்டும்தான். குடல் அடைச்சிப் போச்சு, அதால அதத்தான் முதல்ல வெட்டினாங்க. அடைச்சா வேற வழி இல்லயாம். ஈரல் இனித்தான், இன்ஷா அல்லாஹ்." சேலைக்கு மேலால் வயிற்றின் ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினா. உள்ளே ஏதோ பொத்தென்று சத்தம் கேட்டது. "பை. மலம் இதுக்குள்ளதான் வரும். இதுக்கு நான் மருமகன் எண்டு பேர் வெச்சிருக்கேன். நேரம் காலம் இல்லாம சத்தம் போடும், சொன்னாலும் கேக்காது."

நான் சிரித்துவிட்டேன். வாங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு எல்லாம் சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"சொல்லாம? என்ட வயித்தத்தானே வெட்டுறாங்க, எனக்குச் சொல்லாம ரோட்டில போறவனுக்கா சொல்றது? மகன்தான் அழுதான். 'அழாத வாப்பா, எனக்குத்தானே வருத்தம், நீ ஏன் மூக்க உறிஞ்சிற' எண்டு நான்தான் ஏசினேன்."

பெரியண்ணை எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மகனை நினைத்து எனக்கு வந்த எரிச்சலை எப்படி எழுதுவது? அவன் செய்ததெல்லாம் தாய்க்கு முன்னால் அழுததுதான். அந்த ஒரு மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

டொக்டரின் அறையில் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை, கதவோரம் ஒரு ஸ்டூல். முன்பு வந்தபோதெல்லாம் நான் ஸ்டூலில், பெரியண்ணை கதிரையில். தெற்கத்தி லொறிக்காரரோடு மீன் வியாபாரம் செய்து பழகிய சிங்களத்தில் அவரும் டொக்டரும் கதைப்பார்கள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஒண்டுமில்லையாம்" என்பார். இந்தத் தடவை நான் முந்திப்போய்க் கதிரையில் இருந்தேன். அண்ணை நின்றுகொண்டே சிங்களத்தில் தொடங்கினார்.

"டொக்டர்," என்று குறுக்கே விழுந்தேன், "எனக்குச் சிங்களம் தெரியாது. தமிழ் தெரிஞ்ச ஆள் ஒராளைக் கூப்பிடுங்கோ."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தேவையில்லை அம்மா. நான் வடக்கில வேலை செஞ்சது. தமிழ் பேசுவேன்."

அவருக்குத் தமிழ் தெரியும்! இத்தனை தரம் வந்து ஸ்டூலில் இருந்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் இருந்திருக்கிறது, எனக்கு ஒரு சொல் வரவில்லை.

"அப்ப ஏன் என்னோட கதைக்கேல்ல?"

"உங்க அண்ணா சொன்னார், உங்களுக்கு எல்லாம் தெரியும், பயத்தில நீங்க பேச விரும்ப இல்ல எண்டு."

"என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கணும்," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரோடு வந்த கோபத்தில் பாதியை விட்டேன். மீதியை வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஈரலைக் கீறினார். அதில் இரண்டு புள்ளி. ஒன்று ஓரத்தில், சின்னது. மற்றது வலது பக்கம் ஆழத்தில், பெரியது. அதை எடுப்பதென்றால் ஈரலில் ஒரு பெரிய பங்கையே எடுக்க வேண்டும்.

"ஈரலில சின்னத் துண்டு மட்டும் எடுக்கிற ஆளுக்கு ரெண்டையும் ஒண்டா செய்யலாம். ஒரு மயக்கம், ஒரு தரம் ஆஸ்பத்திரி, நல்லதுதான். உங்களுக்குப் பெரிய துண்டு. அதே நாளில குடலையும் வெட்டித் தைச்சா, உடம்புக்குப் பாரம் கூட. குடல் தைச்ச இடம் கசிஞ்சா, ஈரலும் அந்த நேரம் பலமில்லாம இருக்கும்."

"குடலை முதல் வெட்டினா?"

"குடல் அடைச்சா, இல்ல ரத்தம் நிறையப் போனா, அதுதான் முதல். உங்களுக்கு அடைக்க இல்ல. குடலை முதல் செஞ்சு, அது ஆறச் சுணங்கினா, அதுவரைக்கும் ஈரல்ல இருக்கிறது வளரலாம்."

"ஈரலை முதல் வெட்டினா?"

"முதல்ல சில தரம் மருந்து ஏத்துவோம். கட்டி சுருங்குதா எண்டு பார்ப்போம். பிறகு ஈரல். அது தேறினதும் குடல். நடுவில குடல் அடைச்சா உடனே குடலுக்குப் போகவேணும், அந்தப் பயம் இருக்கு."

"இதில எது என்னைக் கனநாள் உயிரோட வைச்சிருக்கும்?"

"மூணு வழியில போனவங்களையும் பார்த்தா, அந்தக் கணக்கில பெரிய வித்தியாசம் இல்ல அம்மா. ஆளைப் பார்த்துத்தான் வழி. எந்த வழியில போனாலும் திரும்ப வராது எண்டு நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்த மனுசனைப் பிடித்துவிட்டது. ஒருவன் என் முகத்தைப் பார்த்து, தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஒரே நாளில செய்தா எனக்குப் பாரம் கூட எண்டு இப்ப சொன்னியள். அதை அண்ணைக்கும் சொன்னனீங்களோ?"

"சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். பெரியண்ணை இப்போது ஸ்டூலில் இருந்தார். கலண்டர் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரல் முதல்," என்று டொக்டரிடம் சொன்னேன்.

வெளியே வந்ததும் அண்ணை என் கையைப் பிடித்தார். "நாங்கள் உன்னைக் காப்பாத்தத்தான் பிள்ளை..."

"பாரம் கூட எண்டு தெரிஞ்சுகொண்டு ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள் அண்ணை. நான் எழும்பாமல் போனாலும் பரவாயில்லை, தெரியாமல் போனாச் சரி. அப்பிடித்தானே?" கையை உருவிக்கொண்டேன். என் மனுசன், "மெதுவாக் கதை, ஆக்கள் பாக்கினம்" என்றார். "பாக்கட்டும்! இவ்வளவு நாளும் நீங்கள் மெதுவாக் கதைச்சதாலதான் நான் இஞ்ச நிக்கிறன்" என்று அவருக்கும் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து, கடைக்கு வந்த எல்லோருக்கும் நானே சொன்னேன். தேத்தண்ணியோடு சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். பிறகு மாமியைச் சொன்னவன்தான் துணிந்தான். "ஏன் அக்கா, ரத்தம் வாறது கீழால, கத்தி வைக்கிறது மேலயோ? வள்ளத்துக்கு ஓட்டை அடியில, நீங்கள் பாயைத் தைக்கப் போறியள்."

"ஓட்டையால தண்ணி வள்ளத்துக்குள்ள வந்திட்டுதடா. முதல் தண்ணியை இறைச்சு வள்ளத்தை மிதக்க வைக்கிறன். பிறகு ஓட்டையை அடைக்கிறன்."

"இவவோட வாயாட ஏலாது," என்று அவன் கோப்பையை நீட்டினான். "சீனி காணாது, போடுங்கோ." அன்றைக்குத்தான் என் கடை திரும்ப என் கடையாக ஆனது.

மருந்து ஏற்றினார்கள். குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தியது. ஐஸில் வைத்த மீனைத் தொட முடியவில்லை. ஈரலை வெட்டினார்கள். எழும்பினேன். விலா எலும்புக்குக் கீழே வளைந்து ஒரு பெரிய தழும்பு. வெட்டிய ஈரல் வளரும் என்று டொக்டர் சொன்னார், வளர்ந்தது. மிஞ்சி இருப்பது குடல். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு எனக்கும் பை வரலாமாம்.

கொண்டச்சி அக்கா ஃபோன் எடுப்பா. அவவின் ஈரலில் புதிதாகக் கட்டி வந்திருக்கிறதாம், இப்போதைக்கு வெட்ட ஏலாதாம், மருந்து ஏற்றுகிறார்கள். "மருமகன் சுகமா இருக்கான் புள்ள, அவனுக்கு என்ன குறை?" என்றா. அதற்கு யாரோடு கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அலுமாரிக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

போன கிழமை ஃபாதருக்கு நானே ஆள் அனுப்பினேன். வீட்டுக்குள் வேண்டாம், கடையில் வைத்துப் பூசுங்கோ, வள்ளங்கள் கரைக்கு வந்து ஆட்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் வாங்கோ என்று சொன்னேன். பெரியண்ணையையும் கூப்பிட்டேன். வந்தார். மெழுகுதிரியை அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன கருத்துக்கு மன்றாடுறது?" என்று ஃபாதர் கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். வாங்கில் இருந்தவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

"தங்கச்சிக்கு..." என்றார். "அந்த வருத்தம்..."

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை."

மெழுகு உருகி அவருடைய விரலில் வழிந்தது. துடைக்கவில்லை. வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. நான் உதவி செய்யவில்லை, வேண்டுமென்றுதான் செய்யவில்லை.

"கான்சர்," என்றார் கடைசியில், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்க. "குடல்ல. ஈரல் வெட்டியாச்சு. இனிக் குடலை வெட்டப் போகினம். அவளுக்கு எல்லாம் தெரியும்."

ஃபாதர் குப்பியைத் திறந்தார். நான் நெற்றியைக் காட்டினேன்.